இடுப்பில் தூக்கியது பலாப்பழம், வலிப்பது கால் பெருவிரல்: ஜவ்வு விலகி நரம்பை அழுத்துகிறதாம், அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

மஞ்சக்குப்பத்தான் | திங்கள், இரவு 9.20

எல்லாருக்கும் வணக்கம். வயது 41. கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு, புதுச்சேரியில் வேலை. பதினோரு வருடமாக பைக்கில்தான் போய் வருகிறேன்.

போன மாதம் பண்ருட்டியில் மாமா வீட்டுக்குப் போயிருந்தோம். கிளம்பும்போது இரண்டு பலாப்பழம் கொடுத்தார். பெரிய பழம். குனிந்து தூக்கி, இடுப்பை அப்படியே திருப்பி ஆட்டோவுக்குள் வைத்தேன். நிமிரும்போது இடுப்பில் சுளீர் என்றது. இரண்டு நாள் தைலம் தேய்த்தேன், சரியாகிவிட்டது.

நான்காம் நாள்தான் ஆரம்பித்தது. இடது புட்டத்தில் தொடங்கி, தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி, முழங்காலுக்குக் கீழே பக்கவாட்டில் ஓடி, பாதத்தின் மேல்புறம் வந்து பெருவிரலில் முடிகிறது. கரண்ட் அடிப்பது மாதிரி. தும்மினால் காலுக்குள் பாய்கிறது. உட்கார்ந்தால் பத்து நிமிடம் தாங்காது. பெருவிரல் மரத்துப்போயிருக்கிறது. இடுப்பில் பெரிதாக வலியே இல்லை.

அம்மா வாயு என்று சொல்லி பூண்டு சுட்டுத் தருகிறார். எம்.ஆர்.ஐ. எடுத்தேன். ‘எல்4-எல்5 ஜவ்வு வெளித்தள்ளி இடது நரம்பு வேரை அழுத்துகிறது’ என்று எழுதியிருக்கிறது. காட்டிய இடத்தில் மருத்துவர் படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ‘உடனே ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் கால் போய்விடும்’ என்றார். காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். மூன்று நாளாகத் தூக்கமில்லை, பாதி வலி, பாதி பயம்.

---

கெடிலக்கரை | திங்கள், இரவு 9.55

அண்ணே, பயப்படாதீங்க. எங்கள் பக்கத்தில் இடுப்புப் பிடிப்பு என்றால், காலால் பிறந்தவர் யாரையாவது கூப்பிட்டு இடுப்பில் மெதுவாக மிதிக்கச் சொல்வார்கள். எங்கள் பெரியப்பாவுக்கு அதில்தான் சரியானது. ஆபரேஷனுக்கு முன்னால் இதையும் பார்க்கலாமே.

---

லாஸ்பேட்டை பிசியோ | திங்கள், இரவு 11.10

கெடிலக்கரை தம்பி, தசைப்பிடிப்பு எதைச் செய்தாலும் சில நாளில் விடும். பெரியப்பாவுக்கு அப்படி விட்டிருக்கலாம். இவருக்கு இருப்பது பிடிப்பு இல்லை. வலி முழங்காலைத் தாண்டிப் பாதம் வரை போய், விரலும் மரத்திருக்கிறது. இது நரம்பு வேர் சமாச்சாரம். இந்த நிலையில் யாரும் இடுப்பை மிதிக்கவோ, உருட்டவோ, இழுக்கவோ வேண்டாம். தயவுசெய்து.

மஞ்சக்குப்பம் சார், உங்கள் உடம்பில் நடப்பது என்னவென்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்தால் பயத்தில் பாதி குறையும், என் நோயாளிகளிடம் தினமும் பார்க்கிறேன்.

முதுகெலும்பின் முள்ளெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வை நுங்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே நார் நாராக அடுக்கிய கெட்டியான வளையம், உள்ளே வழவழப்பான கூழ். இளசாக இருக்கும்போது கூழில் தண்ணீர் நிறைய. வயதாக ஆக, நுங்கு முற்றுவது போல நீர் வற்றும், வளையத்தில் சின்னச் சின்னக் கீறல் விழும். குனிந்து, திரும்பி, கனம் தூக்கும்போது கூழ் அந்தக் கீறல் வழியாகப் பின்பக்கம் பிதுங்குகிறது. பழத்தின் மேல் முழுப் பழியையும் போடாதீர்கள், கீறல் பல வருடமாக விழுந்துகொண்டிருந்திருக்கும்.

தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி நரம்புகள் கிளம்புகின்றன. ஏறக்குறைய ஒவ்வொன்றும் தோலில் தனக்கென்று ஒரு பட்டை வைத்திருக்கிறது. எல்4-எல்5, அதாவது இடுப்பின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள ஜவ்வு பிதுங்கினால் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது அதைக் கடந்து கீழே இறங்கும் எல்5 வேர். அதன் பட்டைதான் கால் பக்கவாட்டு, பாதத்தின் மேல்புறம், பெருவிரல். நீங்கள் எழுதிய பாதை அப்படியே அது. அடுத்த ஜவ்வு என்றால் எஸ்1 மாட்டும், வலி குதிகாலுக்கும் சுண்டுவிரல் பக்கத்துக்கும் போகும். இடுப்பில் ஜவ்வுப் பிதுக்கம் என்றால் பத்தில் ஒன்பதுக்கு மேல் இந்த இரண்டு இடங்களில்தான்.

---

மஞ்சக்குப்பத்தான் | செவ்வாய், காலை 6.40

மேடம், ராத்திரி மூன்று முறை படித்தேன். நன்றி. ஒன்று மட்டும் புரியவில்லை. அழுத்துவது இடுப்பில். விரலில் ஒன்றுமே ஆகவில்லை. அப்புறம் விரல் ஏன் எரிகிறது?

---

லாஸ்பேட்டை பிசியோ | செவ்வாய், மதியம் 1.30

முழங்கையைச் சுவரில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீர் என்று ஓடுமே, அதுதான். இடிபட்டது முழங்கையில் ஓடும் நரம்பு. ஆனால் அந்த நரம்பு எங்கிருந்து சேதி கொண்டுவருகிறதோ அங்கேதான் வலிக்கிறது என்று மூளை எடுத்துக்கொள்ளும். வழியில் எங்கே தொட்டாலும் அதற்குத் தெரிவது கடைசி முகவரி மட்டும்.

இன்னொன்று. நல்ல நரம்பை அழுத்தினால் பெரும்பாலும் மரத்துப்போகும், அவ்வளவுதான். சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்தால் கால் மரத்திருக்கும், ஆனால் கத்துகிற அளவு வலிக்காது. ஜவ்வுக்குள் இருந்த கூழ் வெளியே வந்து நரம்பு வேரின் மேல் பட்டால், அதிலுள்ள ரசாயனங்கள் வேரை வீங்கச் செய்கின்றன. அழற்சி. வீங்கிய வேரைத் தொட்டாலே அலறும். உங்கள் வலியில் பெரும்பங்கு இந்த அழற்சி. இதில் நல்ல சேதி, அழற்சி ஆறும். வெளியே வந்த கூழை உடம்பே வேண்டாத பொருளாகப் பார்த்துக் கரைக்க ஆரம்பிக்கும். பெரிதாகப் பிதுங்கித் தனியாக வந்துவிட்ட துண்டுகள்தான் அதிகம் கரைகின்றன. படத்தில் பயங்கரமாகத் தெரிவது சில மாதத்தில் சுருங்கிப்போயிருக்கும்.

---

முதலியார்பேட்டை நர்ஸ் | செவ்வாய், மாலை 4.15

முப்பது வருடம் வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். படத்தைப் பார்த்து மட்டும் முடிவு சொல்வது எனக்கு ஆறாத வருத்தம், அதனால் எழுதுகிறேன்.

எந்த வலியும் இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்த ஆய்வுகளை எல்லாம் 2015இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். வலியே இல்லாத 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கு ஜவ்வு வீக்கம் இருந்தது. 40 வயதில் 50 சதவீதம். 80 வயதில் 84 சதவீதம். பாதிப்பேர் அதோடு சந்தோஷமாக நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். படம், வலி, உடல் பரிசோதனை மூன்றும் ஒரே நரம்பைக் காட்டினால்தான் அந்தப் படத்துக்கு அர்த்தம். தம்பி விஷயத்தில் வலியின் பாதையும் படமும் ஒத்துப்போகின்றன, சரி. ஆனால் காலைத் தொட்டுப் பார்க்காமல் ‘கால் போய்விடும்’ என்று சொன்னது தப்பு.

தொட்டுப் பார்ப்பது என்றால் இவ்வளவுதான். மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கவேண்டும். 30 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குள் காலுக்குள் வலி பாய்கிறதா? பெருவிரலை மேலே தூக்கச் சொல்லிக் கையால் அமுக்கிப் பார்க்கவேண்டும், வலு இருக்கிறதா? குதிகாலில் நடக்கச் சொல்லவேண்டும், நுனிக்காலில் நடக்கச் சொல்லவேண்டும். முழங்காலிலும் கணுக்காலிலும் சுத்தியால் தட்டவேண்டும். பஞ்சால் தொட்டுப் பார்க்கவேண்டும். ஐந்து நிமிட வேலை.

ஜிப்மர் என்றால் விடியற்காலையிலேயே போய் வரிசையில் நில்லுங்கள். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையும் உங்களுக்குப் பக்கம்தான். எங்கே போனாலும் காலைப் பரிசோதிக்கும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

---

துறைமுகத்தான் | செவ்வாய், இரவு 8.05

ஆபரேஷன் என்றாலே பேய் மாதிரி பேசுகிறீர்கள். நான் செய்துகொண்டவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கடலூர் முதுநகரில் மீன் ஏலத்தில் வேலை. பெட்டி தூக்கித் தூக்கியே எனக்கும் இதே எல்4-எல்5. ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அப்புறம் ஒரு நாள் நடந்துகொண்டிருக்கும்போது வலது கால் செருப்பு கழன்று விழுந்துவிட்டது. விழுந்ததே தெரியவில்லை. பத்து அடி போனபின் மணல் சுட்டுத்தான் திரும்பிப் பார்த்தேன். பெருவிரலைத் தூக்க முடியவில்லை, பாதம் தொங்கியது. மூன்று நாளில் ஆபரேஷன். கண் விழித்தபோது கால்வலி இல்லை. பாதம் திரும்ப வலுவாக எட்டு மாதம் ஆனது, இன்னும் முழுதாக வரவில்லை.

முன்பே போயிருந்தால் முழுதாக வந்திருக்குமோ என்று தினமும் நினைக்கிறேன். அதனால் ‘தானாகச் சரியாகும்’ என்று யாரையும் உட்காரவைக்காதீர்கள்.

---

முதலியார்பேட்டை நர்ஸ் | செவ்வாய், இரவு 9.30

துறைமுகத்துத் தம்பி, உங்களுக்குச் செய்தது முழுக்கச் சரி. வலு குறைந்துகொண்டே போனால் காத்திருக்கக்கூடாது. அதில் எனக்கு மாற்றுக்கருத்தே கிடையாது. வலி மட்டும் இருந்து வலு நன்றாக இருப்பவரின் கதை வேறு.

நெதர்லாந்தில் கடும் சியாட்டிகா, அதாவது இந்த மாதிரி இடுப்பு நரம்பு வேரிலிருந்து காலுக்குப் பாயும் வலி, இருந்த 283 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சீக்கிரம் ஆபரேஷன், மறு பாதிக்கு முதலில் மருந்தும் பயிற்சியும் என்று பார்த்தார்கள். 2007இல் வெளியானது. ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் விட்டது, அது உண்மை. ஒரு வருடம் கழித்து இரண்டு பக்கமும் 95 சதவீதம் பேர் குணமானதாகச் சொன்னார்கள். காத்திருந்த பாதியிலும் 39 சதவீதம் பேர் இடையில் ஆபரேஷனுக்குப் போனார்கள், அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆக, வலுக்குறைவு இல்லாதவருக்கு ஆபரேஷன் என்பது எவ்வளவு நாள் வலியைத் தாங்குவது என்பதைப் பற்றிய முடிவு. அதை அவரே யோசித்து எடுக்கலாம், மிரட்டி எடுக்கவைக்கக்கூடாது.

---

திருப்பாதிரிப்புலியூர் தங்கை | செவ்வாய், இரவு 11.50

எல்லாரும் காலைப் பற்றியே பேசுகிறீர்கள். ஒன்றை நான் சொல்லியே ஆகவேண்டும்.

என் அண்ணனுக்கு 36 வயது. இதே மாதிரி இடுப்பு, கால். ஒருவரிடம் போய் இழுத்து உருட்டிக்கொண்டு வந்தார். அன்று ராத்திரி இரண்டு காலும் வலித்தது. மறுநாள் சிறுநீர் வரவில்லை. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. பைக் சீட்டில் உட்காரும் இடம் முழுக்க மரத்துப்போயிருக்கிறது என்று அண்ணியிடம் மட்டும் சொன்னார். வெயில் சூடு, இளநீர் குடித்தால் சரியாகும் என்று இரண்டு நாள் ஓட்டிவிட்டார்கள். மருத்துவமனைக்குப் போனபோது டியூப் போட்டு ஒன்றரை லிட்டர் எடுத்தார்கள். உடனே ஆபரேஷன் நடந்தது. நடக்கிறார். ஆனால் இன்றுவரை டியூப் இல்லாமல் சிறுநீர் போக முடியவில்லை.

தண்டுவடம் முடிந்த பிறகு கீழே குதிரை வால் மாதிரி நரம்புக் கொத்து இருக்கிறதாம். அது மொத்தமாக நசுங்கினால் இப்படி ஆகும் என்று அப்புறம்தான் எங்களுக்குச் சொன்னார்கள். முன்பே ஒருவர் சொல்லியிருந்தால் அன்றைக்கே ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருப்போம்.

---

லாஸ்பேட்டை பிசியோ | புதன், காலை 7.00

தங்கை, எழுதியதற்கு நன்றி. எழுதும்போது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று தெரிகிறது.

இழையைப் படிக்கிற எல்லாரும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர் வராமல் அடைப்பது, அல்லது தெரியாமல் போய்விடுவது, மலம் கட்டுப்பாடு இழப்பது, உட்காருமிடமும் பிறப்புறுப்புப் பக்கமும் மரத்துப்போவது, இரண்டு காலிலும் சேர்ந்து வலுக் குறைவது. இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108க்கு போன் போடுங்கள். மணிக்கணக்கு முக்கியம். வெட்கப்படவேண்டிய விஷயம் இதில் எதுவுமே இல்லை. காய்ச்சலோடு முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக முதுகுவலி, இவையும் தள்ளிப்போடக்கூடாதவை.

---

நெல்லித்தோப்பு தையல்காரி | புதன், மதியம் 2.45

எனக்கு இதே கதை கழுத்தில். இருபது வருடமாகத் தலையைக் குனிந்து தைக்கிறேன். ஒரு நாள் இடது தோள்பட்டைக்குப் பின்னால் குடைச்சல், அப்புறம் கை வழியாக நடுவிரல் வரை. இடது கை என்றதும் வீட்டுக்காரர் பயந்து இ.சி.ஜி. எடுக்கவைத்தார். அது சரியாக இருந்தது. முதலில் இதயத்தைப் பார்த்தது நல்லது என்றுதான் மருத்துவரும் சொன்னார்.

அவர் கேட்ட ஒரு கேள்வி எனக்கு மறக்காது. ‘கையைத் தலைமேல் வைத்தால் வலி குறைகிறதா?’ ஆமாம், ராத்திரி அப்படித்தான் தூங்குகிறேன் என்றேன். உடனே கழுத்து நரம்புதான் என்றார். கட்டைவிரல் என்றால் சி6, நடுவிரல் என்றால் சி7, சுண்டுவிரல் என்றால் சி8 என்று விரலைத் தொட்டுத் தொட்டுச் சொன்னார். என்னோடு தைக்கிற அக்காவுக்கும் விரல் மரக்கும். ஆனால் அவருக்கு நடுராத்திரி எழுந்து கையை உதறினால் சரியாகும், கழுத்தில் ஒன்றுமில்லை. அவருக்கு மணிக்கட்டில் நரம்பு நெருக்கமாம். ஒரே மரப்பு, இடம் வேறு.

மிஷினுக்கு அடியில் பலகை வைத்து உயரம் ஏற்றினேன். அரை மணிக்கு ஒரு முறை எழுந்துவிடுவேன். மூன்று மாதத்தில் தொண்ணூறு சதவீதம் சரி.

---

நெல்லிக்குப்பம் பெரியவர் | புதன், மாலை 6.20

வயது 72. சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவன், உடம்பிலும் சர்க்கரை உண்டு. நூறு அடி நடந்தால் இரண்டு தொடையும் கனத்து, கெண்டைக்கால் இழுக்கும். கடைத்திண்ணையில் இரண்டு நிமிடம் குனிந்து உட்கார்ந்தால் விட்டுவிடும். சைக்கிளில் மூன்று கிலோமீட்டர் போனாலும் ஒன்றும் ஆவதில்லை. எல்லாரும் சர்க்கரையால் என்கிறார்கள். உங்கள் பேச்சைப் படித்ததும் இது நரம்போ என்று தோன்றுகிறது.

---

லாஸ்பேட்டை பிசியோ | புதன், இரவு 10.00

ஐயா, சைக்கிளைச் சொன்னீர்களே, அதுதான் பெரிய துப்பு. வயதானால் எலும்பும் தசைநாரும் தடித்துத் தண்டுவடப் பாதை குறுகும். நிமிர்ந்து நடந்தால் இன்னும் குறுகும், குனிந்தால் கொஞ்சம் திறக்கும். சைக்கிளில் நீங்கள் முன்னால் சாய்ந்திருக்கிறீர்கள், அதனால் வலிப்பதில்லை. காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கு சைக்கிள் மிதித்தாலும் வலிக்கும், நின்றாலே போதும் விட்டுவிடும், உட்காரவேண்டியதில்லை. ஆனாலும் சர்க்கரை உள்ளவர் என்பதால் பாதத்தில் நாடித்துடிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பு பெரும்பாலும் இரண்டு பாதத்திலும் விரல்நுனியிலிருந்து சாக்ஸ் போட்ட மாதிரி மேலேறும். ஜவ்வு அழுத்தம் பெரும்பாலும் ஒரு பக்கம், ஒரு பட்டை. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுகிறீர்கள் என்றால் பி12 அளவையும் பாருங்கள், அந்த மாத்திரை அதைக் குறைக்கும்.

---

மஞ்சக்குப்பத்தான் | வெள்ளி, இரவு 8.30

இன்று அரசு மருத்துவமனைக்குப் போனேன். எலும்பு மருத்துவர் சட்டையைக் கழற்றச் சொல்லி, நடக்கவைத்து, காலைத் தூக்கி, விரலை அமுக்கி எல்லாம் பார்த்தார். இடது கால் 40 டிகிரியிலேயே பாய்ந்தது. வலு முழுசாக இருக்கிறது. ‘ஆறு வாரம் பார்ப்போம். வலு குறைந்தாலோ, சிறுநீர்ப் பிரச்சினை வந்தாலோ அன்றே வாருங்கள்’ என்றார். வலி மாத்திரையோடு, நரம்பு வலிக்கு என்று பிரிகாபாலின் எழுதியிருக்கிறார். படுத்தே இருக்கவா, நடக்கவா?

---

முதலியார்பேட்டை நர்ஸ் | வெள்ளி, இரவு 9.45

நடங்கள். நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இரண்டு வாரம் படுக்கவைப்போம். அப்புறம் 1999இல் அதை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில், படுத்தே இருந்தவர்களுக்கு எந்தக் கூடுதல் லாபமும் இல்லை என்று வந்துவிட்டது. தாங்க முடியாத ஓரிரு நாள் படுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

பிரிகாபாலின் பற்றி ஒரு சொல். 2017இல் ஆஸ்திரேலியாவில் சியாட்டிகாவுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தபோது, மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட வலியைக் கூடுதலாகக் குறைக்கவில்லை, தலைச்சுற்றல்தான் அதிகம். உங்களுக்குப் பலன் இருந்தால் சாப்பிடுங்கள், இல்லையென்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். தலை சுற்றினால் பைக்கைத் தொடாதீர்கள்.

---

லாஸ்பேட்டை பிசியோ | சனி, காலை 6.30

வெஸ்டர்ன் கழிப்பறை பயன்படுத்துங்கள். தரையில் சம்மணம், மணை இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். பக்கவாட்டில் படுத்து முழங்கால்களுக்கு நடுவில் தலையணை.

குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி மார்பை மெல்லத் தூக்கிப் பாருங்கள். இதைச் செய்யும்போது விரலில் இருந்த வலி கெண்டைக்காலுக்கு, அங்கிருந்து தொடைக்கு, தொடையிலிருந்து இடுப்புக்கு என்று மேலே ஏறினால் அது நல்ல அறிகுறி. இடுப்பில் கொஞ்சம் அதிகமாக வலித்தாலும் சரி. மாறாகக் காலில் கீழே இறங்கினால் நிறுத்திவிட்டு நேரில் ஒரு பிசியோவைப் பாருங்கள். எழுத்தில் படித்துச் செய்ய இதற்கு மேல் நான் சொல்லமாட்டேன்.

---

மஞ்சக்குப்பத்தான் | ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, காலை 10.15

இந்த இழையை மறக்கவில்லை. முதல் மூன்று வாரம் மோசம், அழுதிருக்கிறேன். நான்காம் வாரம் ஒரு நாள் காலையில் வலி முழங்காலோடு நின்றுவிட்டது. மேடம் சொன்னது ஞாபகம் வந்தது. இப்போது புட்டத்தில் ஒரு கடுகடுப்பு மட்டும். தும்மினால் ஒன்றும் ஆவதில்லை. தினமும் சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரை வரை போய், கெட்டியான ஈர மணலில் அரை மணி நடக்கிறேன். மருத்துவர் மறுபடி பார்த்தார், கால் 80 டிகிரி வரை போகிறது. ஆபரேஷன் இப்போது வேண்டாம் என்றார்.

பெருவிரல் மரப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. அது போகுமா? பைக் எப்போது எடுக்கலாம்?

---

லாஸ்பேட்டை பிசியோ | ஞாயிறு, மதியம் 12.00

ரொம்ப சந்தோஷம் சார். வலிதான் முதலில் போகும், வலுக் குறைவு இருந்தால் அது அடுத்தது, மரப்பு கடைசி. அறுபட்ட நரம்பு இழை வளர்வது நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான். இடுப்பிலிருந்து உங்கள் பெருவிரல் ஒரு மீட்டர் தூரம் இருக்கும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சிலருக்கு ஒரு ஓரத்தில் லேசாகத் தங்கியும் விடும், வலு இருக்கும்வரை அதனால் கெடுதல் இல்லை. பைக்கில் முதலில் உள்ளூருக்குள் பத்து நிமிடம். புதுச்சேரிக்கு இன்னும் ஒரு மாதம் பேருந்து.

---

மஞ்சக்குப்பத்தான் | ஞாயிறு, மதியம் 12.20

சரி மேடம். நாளை காலை 7 மணிப் பேருந்து. முள்ளோடை வரை நின்றுகொண்டே போகலாம் என்றிருக்கிறேன், உட்கார்வதைவிட அதுதான் சுகமாக இருக்கிறது. திருப்பாதிரிப்புலியூர் தங்கை, அண்ணன் எப்படி இருக்கிறார்?

---

திருப்பாதிரிப்புலியூர் தங்கை | ஞாயிறு, இரவு 9.10

கேட்டதற்கு நன்றி அண்ணே. டியூபை அவரே போட்டு எடுக்கப் பழகிவிட்டார். போன வாரத்திலிருந்து கடைக்குப் போகிறார்.